இரண்டாவது பிரதி எங்கே?



அண்மையில் நண்பரொருவர் கலங்கிய கண்களுடன் வந்தார். மறைந்த தம் தாயாரின் குரலை ஒலிப்பதிவாகக் கணிப்பொறியில் வைத்திருந்தார். விளையாட்டாகப் பிள்ளை அதனை அழித்துவிட்டான். குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டான். பதறியவர், சிஸ்டம் ரீஸ்டோரை இயக்கினார். "வெற்றி" என்றது கணிப்பொறி. குரல் மட்டும் திரும்பவில்லை.

பிழை எங்கே? 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் மீ பதிப்புடன் வந்த இவ்வசதி, கணிப்பொறியின் அமைப்புகளையும் மென்பொருள்களையும் முந்தைய நிலைக்குத் திருப்புமேயன்றி, நம் படங்களையும் கடிதங்களையும் மீட்டுத் தராது. அதன் மீட்புப் புள்ளிகளும் அதே கணிப்பொறியின் வன்தட்டிலேயே இருக்கின்றன. தட்டு பழுதானால் அவையும் உடன் அழியும்.

இதற்கென அமைந்த வசதி வேறு. 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த ஃபைல் ஹிஸ்டரி, விண்டோஸ் 11இலும் கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. வெளியிலிருந்து இணைக்கும் வன்தட்டு ஒன்றைப் பொருத்தி இதனை இயக்கிவிட்டால், மாற்றம் பெற்ற கோப்புகளை மணிக்கொரு முறை பிரதியெடுத்து வைக்கும். இன்று கெடுத்த கடிதத்தின் நேற்றைய வடிவத்தையும் கேட்டுப் பெறலாம். மேக் கணிப்பொறி வைத்திருப்போருக்கு 2007 முதல் டைம் மெஷின் இப்பணியைச் செய்கிறது.

ஆயினும் மூன்று செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, நாமே இயக்காத வரை ஃபைல் ஹிஸ்டரி தானாக இயங்காது. இரண்டாவது, டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற இடங்களையே அது கவனிக்கும். நம்மில் பலர் 'டி' டிரைவில் குவித்து வைப்பவற்றை, லைப்ரரியில் சேர்த்தாலன்றித் தொடாது. மூன்றாவது, வெளித்தட்டை எப்போதும் இணைத்தே வைத்தால், கணிப்பொறியைத் தாக்கும் நச்சுநிரல் அதனையும் தாக்கக்கூடும். எனவே, மிக அரியவற்றுக்கு மற்றுமொரு பிரதி எடுத்து, கழற்றித் தனியே வைப்பதே நலம்.

பிரதி எடுத்ததோடு கடமை முடிந்துவிடவில்லை. ஒரு கோப்பையேனும் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத பணப்பை போன்றது. உள்ளே இருப்பது தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

வீட்டுப் பத்திரத்தைப் பூட்டி வைக்கும் நாம், விலைக்கு வாங்க முடியாத குரலைக் காவலின்றி விடலாமா? இன்றிரவே உங்கள் இல்லத்தாரைக் கேளுங்கள்: இரண்டாவது பிரதி எங்கே?