வாடகை ஏறினால் வீடு மாறத்தான் வேண்டுமா?

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். வாடகை வீட்டில் குடித்தனம் செய்கிறவர்களுக்கோ தை பிறந்தால் வாடகைதான் பிறக்கிறது! மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். அதனால் கார்த்திகைக் கடைசியிலேயே, “அடுத்த தையிலேருந்து கொஞ்சம் கூட்டிக் குடுத்துடுங்கம்மா” என்று ஆரம்பித்து விடுகிறார்கள். ‘கொஞ்சம்’ என்றால் முன்பெல்லாம் ஐந்நூறு. இப்போது இரண்டாயிரம், மூவாயிரம் என்று வாய் கூசாமல் வருகிறது.

சென்னை, பெங்களூரில் இப்படி என்றால், “பெரிய ஊர், அப்படித்தான் இருக்கும்” என்று நினைத்துக்கொள்வோம். எங்கள் திருச்சி மாதிரி ஊர்களிலும் இதே கதை என்றால் மனசு ஒப்ப மறுக்கிறது. “இந்த ஊருக்கு இவ்வளவு வாடகையா? பேசாம ஊருக்கு வெளியே போயிடலாம்” என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சு. போகலாமா, கூடாதா? இந்த இதழில் அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில், வாடகை ஏன் ஏறுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலையில் பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. அதற்குப் பல வருடம் முன்பே எடமலைப்பட்டி புதூர் பக்கமெல்லாம் இடத்தின் விலை ஏறத் தொடங்கிவிட்டது. இடம் விலை ஏறினால் வாடகையும் பின்னாலேயே ஏறும். தில்லைநகரிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் ஆஸ்பத்திரிகளும் டியூஷன் நிலையங்களும் அதிகம். அங்கே வேலை பார்க்கும் பெண்களும் படிக்க வரும் பிள்ளைகளும் நாலு பேராகச் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு நாலாயிரம் போட்டால் பதினாறாயிரம் ஆகிவிடுகிறது. ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பம் அதோடு எப்படிப் போட்டி போட முடியும்?

வீட்டுக்காரரையும் ஒரேயடியாகப் பழிக்க வேண்டாம். 2022-ல் சொத்து வரி கூடியது. கொத்தனார் கூலி, பெயின்ட் விலை எல்லாம் கூடித்தான் இருக்கிறது. மாடி வாடகையை மட்டும் நம்பி மருந்து மாத்திரை வாங்கும் வயதான அம்மாக்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போலத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். எங்கள் உறையூர்ப் பக்கம் ஒரு இளம் குடும்பம். கணவருக்குச் சம்பளம் 32,000 ரூபாய். ஒரு பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு. வாடகை 9,000 கொடுத்து வந்தார்கள். தையிலிருந்து 11,500 வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு புது நகரில் 6,500 ரூபாய்க்குப் புத்தம் புது வீடு இருந்தது. டைல்ஸ் தரை, மாடுலர் கிச்சன், எல்லாம் பளபள.

“மாசம் ஐயாயிரம் மிச்சமாகும்க்கா. அவர் போயிடலாம்கிறார். எனக்குத்தான் மனசே வரலை” என்றாள் அந்தப் பெண்.

“மனசை அப்புறம் பார்க்கலாம்மா. முதல்ல ஒரு பேப்பரும் பென்சிலும் எடு” என்றேன்.

இருவரும் உட்கார்ந்து எழுதினோம்.

கணவருக்கு அலுவலகம் தில்லைநகரில். புது வீட்டிலிருந்து போக 12, வர 12 என்று தினமும் 24 கிலோமீட்டர் கூடுதல். மாதம் 25 நாளைக்கு 600 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்குப் பதின்மூன்று லிட்டருக்கு மேல் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று முழுசாக வைத்துக்கொண்டாலும் 1,300 ரூபாய்.

குழந்தை இப்போது நடந்தே பள்ளிக்கூடம் போகிறது. அங்கே போனால் வேன் வைக்க வேண்டும். 1,500 ரூபாய்.

உறையூரில் குழாயைத் திறந்தால் காவிரித் தண்ணீர். புது நகரில் போர் தண்ணீர் மட்டும்தான். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்க வேண்டும். கேன் 35 ரூபாய் என்று மாதம் பன்னிரண்டு கேனுக்கு 420 ரூபாய்.

ஆத்திர அவசரத்துக்கு டாக்டரிடம் போக, விசேஷத்துக்குப் போக ஆட்டோ. குறைத்துப் போட்டாலும் 500 ரூபாய்.

கூட்டினால் 3,720. ஐயாயிரம் மிச்சம் என்று நினைத்ததில் கையில் நிற்பது 1,280 ரூபாய்தான். அதற்காக அந்த மனிதர் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக வண்டியில் போக வேண்டும். மாதத்துக்கு 25 மணி நேரம், அதுவும் லாரி போகும் நெடுஞ்சாலையில்!

இதோடு பென்சிலை வைத்துவிடப் பார்த்தாள் அவள். “நீ தைக்கிற பிளவுஸ் கணக்கு எங்கேம்மா?” என்று கேட்டேன்.

“அது என்னக்கா பெரிய வருமானம்? கைச்செலவுக்கு ஆகுது.”

இந்த இடத்தில்தான் நம் பெண்கள் கணக்கை விட்டுவிடுகிறோம். அக்கம் பக்கத்து நாலு தெருவுக்கும் அவள்தான் தையல்காரி. மாதம் சராசரியாக 3,000 ரூபாய் வருகிறது. அந்த வாடிக்கையெல்லாம் தெருவில் நடந்து வருகிறவர்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி ஒரு பிளவுஸ் கொடுக்க யார் வருவார்கள்? புது நகரில் பத்து வீட்டில்தான் ஆள் இருக்கிறார்கள். திரும்ப வாடிக்கை பிடிக்க ஒரு வருடமாவது ஆகும். அந்த மூவாயிரத்தையும் சேர்த்துப் பார்த்தால், மாறுவதில் மிச்சம் இல்லை, மாதம் 1,720 ரூபாய் நஷ்டம்!

அவள் அந்தக் காகிதத்தை மடித்துக் கணவரிடம் காட்டியிருக்கிறாள். பிறகு இருவருமாகப் போய் வீட்டுக்காரரிடம் பேசினார்கள். “அஞ்சு வருஷமா ஒரு மாசம்கூட நாங்க வாடகை பிந்தினதில்லை. சுவத்துல ஒரு ஆணி அடிச்சதில்லை. ரெண்டு வருஷத்துக்கு ஏத்தாம எழுதிக் குடுங்க, 10,500 தர்றோம்” என்று கேட்டதற்கு அவரும் சம்மதித்துவிட்டார். வீடு காலியானால் வெள்ளையடித்து, புரோக்கருக்குக் கொடுத்து, ஒன்றிரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, அதற்கு மேல் எப்படிப்பட்டவர்கள் வருவார்களோ என்ற கவலை அவருக்கும் உண்டே! நல்ல குடித்தனக்காரருக்கும் ஒரு விலை இருக்கிறது. அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் எல்லோருக்கும் ‘இருந்த இடத்திலேயே இருங்கள்’ என்று சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த இன்னொரு குடும்பம். கணவருக்கு வேலை திருவெறும்பூர்ப் பக்கம். பையன் படிப்பை முடித்து வெளியூர் போய்விட்டான். இருந்தும் தில்லைநகரில் பெரிய வீட்டுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். “நாலு பேர் கேட்டா தில்லைநகர்னு சொல்ல நல்லா இருக்கே” என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கடைசியில் காட்டூர்ப் பக்கம் மாறினார்கள். வாடகையும் மிச்சம், தினமும் நகரைக் கடந்து போய் வரும் அலைச்சலும் மிச்சம். அவர்களுக்கு ஊர் நடுவில் இருந்து ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. விலாசத்துக்காகக் கொடுக்கும் வாடகை கட்டுப்படியாகாது. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று பெரியவர்கள் சொன்னது வாடகை வீட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, “இந்த ஊருக்கு இவ்வளவு வாடகையா?” என்பதல்ல. “இந்த வாடகை எனக்கு எதை மிச்சப்படுத்துகிறது?” என்பதுதான். பெட்ரோல், வேன், தண்ணீர், நேரம், உங்கள் கைத்தொழில், மாமியாரின் ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். 2021 மே மாதம் நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது பெரிய உதவிதான். டிக்கெட் காசு மிச்சமானாலும், இடுப்பில் குழந்தையோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்தை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. அதையும் கணக்கில் சேருங்கள்.

எவ்வளவு வரை கொடுக்கலாம்? என் அனுபவத்தில், வீட்டுக்கு வரும் மொத்த வருமானத்தில் நாலில் ஒரு பங்கு வாடகை என்றால் நிம்மதி. மூன்றில் ஒரு பங்கு வரை பல்லைக் கடித்துச் சமாளிக்கலாம். அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு 35,000-ல் 10,500. ரூபாய்க்கு முப்பது காசு. சமாளித்துவிடுவாள். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், எவ்வளவு வசதியான இடமாக இருந்தாலும் மாறத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பணம் குழந்தையின் பாலிலும் பழத்திலும்தான் குறையும்.

மாறுவது என்று முடிவு செய்தால், வாடகை குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பகலில் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை போய்ப் பாருங்கள். படுக்கையறையில் இரண்டு பக்கமும் ஜன்னல் உண்டா? சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா? ஈரச் சுவரில் பூஞ்சை பிடித்தால் இழுப்பு உள்ள குழந்தைக்கு ஆகவே ஆகாது. டாக்டர் செலவு வாடகையை விழுங்கிவிடும். கோரையாறு, குடமுருட்டி, உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரங்களில் வீடு பார்த்தால், 2005 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்தத் தெருவில் ரொம்ப நாளாக இருப்பவர்களைக் கேளுங்கள். கரண்டுக்குத் தனி மீட்டரா, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கிறாரா என்றும் கேளுங்கள். 2016-ல் அறிவித்த 100 யூனிட் இலவசம் மின் இணைப்புக்குத்தான். உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வாங்கினால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது.

சிலர், “வாடகையே வேண்டாம், ஒத்திக்கு எடுத்துடலாம்” என்கிறார்கள். ஐந்து லட்சம் கொடுத்தால் வாடகை இல்லை என்பது கேட்க இனிப்பாக இருக்கும். அந்த ஐந்து லட்சத்துக்கு நூற்றுக்கு ஏழு வட்டி போட்டாலே வருடம் 35,000, மாதம் சுமார் 2,900. அதுதான் உண்மையான வாடகை. கையில் பணம் இருந்து, வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்து, பத்திரமும் பதிவு செய்தால் லாபம்தான். நகையை அடகு வைத்து ஒத்திக்குப் போகாதீர்கள். ஒரு பக்கம் நகைக்கு வட்டி ஏறும், மறுபக்கம் பணம் திரும்பி வருமா என்ற பயம்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இவ்வளவுக்கு மேல் வாடகை கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதுதான் வாடகை. அதனால்தான், எத்தனை மாதத்துக்கு இந்த வாடகை, அதன்பின் எவ்வளவு ஏறும் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வாடகையை மாற்றுவதானால் மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். வேறு விதமாக நீங்களே ஒப்புக்கொண்டாலன்றி, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, அதைத் திருப்பித் தர வேண்டும். சண்டை வந்தது என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் அவர்களுக்கு உரிமை கிடையாது.

சட்டம் பேசிக்கொண்டு வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்கச் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசினால் பேச்சில் ஒரு தெம்பு இருக்கும். வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் அன்றே ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்? வாடகை என்பது மாதா மாதம் போய்த் திரும்பி வராத பணம். அளக்கும்போது உங்கள் உழைப்பையும் உங்கள் நேரத்தையும் அந்தப் படியில் போட மறக்காதீர்கள். அவர் போட்ட கணக்கில் அது விட்டுப்போயிருக்கலாம். நீங்கள் போடும் கணக்கில் விட்டுப்போகக் கூடாது. இந்தத் தையில் யாருக்கெல்லாம் வீட்டுக்காரர் சொல்லியனுப்பி இருக்கிறாரோ, அவர்கள் இன்றைக்கே ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அடுத்த இதழில் மளிகைக் கணக்கோடு சந்திக்கிறேன்.