காஞ்சிப் பட்டும் அதன் புழுவும்

காஞ்சிபுரத்துப் பட்டின் கீர்த்தியை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்து கோர்வையில் இணைக்கும் நெசவாளியின் கைத்திறனைப் போற்றுகிறோம். சரிகையின் தரத்தை உரைத்துப் பார்க்கிறோம். ஆனால் அந்த நூலை ஈன்ற ஜீவன் எது, அது எங்கே எவ்வாறு வாழ்கிறது என்று கேட்போர் நம்மில் எத்தனை பேர்? சுதேசியம் பேசுகிற நாம் தறியோடு நின்றுவிட்டோம். புழுவை அறியாத வரையில் நமது சுதேசியம் பாதிச் சுதேசியமே என்பது நமது திடமான அபிப்பிராயம்.

பட்டுப்புழு ஓர் அந்துப்பூச்சியின் குழந்தை. மல்பெரி என்னும் முசுக்கட்டைச் செடியின் இலையே அதற்கு ஆகாரம். முட்டையிலிருந்து வெளிவரும்போது எறும்பளவே இருக்கும். நான்கு முறை தோலுரித்து, ஏறக்குறைய இருபத்தைந்து நாட்களில் எடையில் சுமார் பதினாயிரம் மடங்கு பெருகிவிடுகிறது. பின்னர் உண்பதை அடியோடு நிறுத்தி, தலையை எட்டு என்னும் எண்ணின் வடிவில் ஆட்டி ஆட்டி, வாயருகேயுள்ள நுண்துளையினின்று இரண்டு இழைகளைப் பசையால் ஒன்றாக்கி வெளியிட்டு, இரண்டு மூன்று நாட்களில் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. ஒரு கூட்டின் இழை முழுவதும் ஒரே தொடர்ச்சி. மனிதன் நெடுங்காலம் வளர்த்ததன் பயனாக அந்தப் பூச்சி பறக்கும் சக்தியையே இழந்துவிட்டது; நம் கையை விட்டால் அதற்கு வாழ்வில்லை.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். பட்டுப்புழுவில் ஜாதிகள் உண்டு. உஷ்ண தேசங்களுக்குப் பழகிய ஒரு ஜாதி வருஷத்தில் பல தலைமுறை காணும். வெயிலையும் நோயையும் தாங்கும். ஆனால் அதன் கூட்டில் கிடைப்பது சில நூறு மீட்டர் இழையே. குளிர்ந்த தேசங்களுக்குரிய மற்றொரு ஜாதி இயற்கையில் வருஷத்துக்கு இரண்டே தலைமுறை காணும். அதன் முட்டை குளிர்காலம் கழியும் வரை உறங்கும். ஆனால் அதன் வெண்மையான கூட்டில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு உறுதியான, ஒரே சீரான இழை கிடைக்கும். தறியில் ஓயாது இழுபடுவது பாவு. பாவிழை அறுந்தால் நெசவாளியின் பொழுதும் கூலியும் வீணாகும். அந்நியப் பட்டு இந்நாட்டுச் சந்தையில் இடம் பிடித்ததற்கு விலை மட்டுமன்று, இந்த உறுதியும் சீருமே காரணம். சீனப் பட்டின் மலிவு நம் விவசாயியை நசுக்கியதால், 2003-ல் இந்திய சர்க்கார் அதன்மீது தனி வரி விதிக்க வேண்டி வந்தது. வரி வேலி போன்றது, வேலி பயிராகிவிடாது. பயிர் புழுவிடத்திலேயே இருக்கிறது.

இதை உணர்ந்தவர்கள் நம் தேசத்திலேயே இருந்தார்கள். மைசூர் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையத்தார் 1990-களில் நமது சீதோஷ்ணத்துக்கு ஏற்ற இரு தலைமுறைக் கலப்பினங்களை உருவாக்கினார்கள். உறங்கும் முட்டையை அமிலத்தில் நனைத்துக் குறித்த நாளில் பொரிக்கச் செய்யும் முறையும் கைவந்தது. ஓசூர், தர்மபுரி, தாளவாடிப் பக்கங்களில் நமது குடியானவர்கள் இன்று வெண்கூடு விளைவிக்கிறார்கள். குளிர் தேசத்துப் புழு தமிழ் மண்ணில் வளராது என்ற வாதம் பொய்த்துப் போயிற்று.

ஆயினும் பூச்சியை வளர்ப்போனுக்குப் பூச்சியே சத்துருவுமாகும். 2008-ல் மெக்ஸிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூரில் தோன்றி, முசுக்கட்டைத் தோட்டங்களையும் வெண்பொடி பூசினாற்போல் மூடியது. விஷ மருந்து தெளித்தால் இலையை உண்ணும் பட்டுப்புழுவும் சாகும். இந்த இக்கட்டைத் தீர்த்தது, அம்மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு அதை அழிக்கும் எள்ளினும் சிறிய ஒரு குளவி. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து அதைத் தருவித்துத் தோட்டங்களில் விட்டார்கள், மாவுப்பூச்சி அடங்கிற்று. மருந்தால் ஆகாததைப் பூச்சி சாஸ்திரம் சாதித்தது.

கூட்டை வெந்நீரிலும் ஆவியிலும் இட்டு உள்ளிருக்கும் ஜீவனைக் கொன்றல்லவா இந்த இழை எடுக்கப்படுகிறது என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே, கோயில் நகரத்தில் அதை மறைப்பது அழகன்று. பட்டை விலக்கிக் கதரை உடுப்போரை நாம் வணங்குகிறோம். ஆனால் உடுப்போர், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான உயிர்கள் விலையாகின்றன என்பதை அறிந்தே உடுக்கட்டும். அவ்விலையைத் தந்தும் நம் நெசவாளியும் குடியானவனும் வறுமையில் வாடுவார்களாயின் அது இரட்டைப் பாவமாகும்.

ஆகையால் நாம் கூறுவது இதுவே. காஞ்சி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தமிழ்நாட்டு வெண்பட்டை முதலில் நாடி வாங்க வேண்டும். சர்க்கார் குடியானவனுக்கு நோயற்ற முட்டையும் கூட்டுக்கு நிலையான விலையும் கிடைக்கச் செய்ய வேண்டும். நகரத்துப் பள்ளிகளில் ஒவ்வொரு வருஷமும் ஒரு தட்டுப் புழுவேனும் வளர்த்து, நெசவாளியின் பிள்ளை தன் தகப்பன் நெய்யும் நூல் பிறப்பதைக் கண்ணாரக் காண வேண்டும். தேச ஊழியர்களும் மேடையில் பட்டுத்தொழிலைப் பற்றிப் பேசுமுன் ஒரு முறையேனும் புழு மனைக்குள் சென்று வருவார்களாக. ஆயிரம் புழுக்கள் இலை தின்னும் ஓசை அங்கே மழை பெய்வது போல் கேட்கும். காஞ்சியின் தறிகளுக்கு வேண்டிய மழை அதுவே.