பனி பூட்டி வைக்குமா?



எங்கள் பிள்ளைச்சாவடியில் படகு கரையேறியதும் மீனைப் பெட்டியில் அடுக்கி, மேலே ஐஸைக் கொட்டுவார்கள். “ஐஸ் போட்டா எதுவும் கெடாது” என்பார் என் ஆயா. குளிரில் எல்லாம் உறங்கிவிடும் என்றே நானும் நம்பியிருந்தேன். அறிவியல் வகுப்பில் ஆசிரியை கூறிய செய்தி அந்த நம்பிக்கையைக் கலைத்துவிட்டது.

கனடாவின் வடகோடியில் அலர்ட் என்னும் இடம் உள்ளது. குளிர்காலத்தில் அங்கே பல மாதங்கள் இருள்தான். இருள் நீங்கிக் கதிரவன் எழும் வசந்தத்தில், காற்றிலுள்ள பாதரச ஆவி திடீரெனக் குறைவதை 1995-ல் அறிஞர்கள் கண்டனர். அது எங்கே போயிற்று? கடல் உப்பிலுள்ள புரோமினைச் சூரிய ஒளி தூண்டுகிறது. அது பாதரசத்துடன் வினைபுரிந்து, அதைப் பனிமீது படியச் செய்கிறது. படிந்ததில் ஒரு பகுதியை அதே ஒளி மீண்டும் ஆவியாக்கிக் காற்றில் விடுகிறது. மீதியில் ஒரு பங்கு, பனி உருகும்போது கடலில் கலக்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்னும் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன நஞ்சும் பெருகுகிறது. மீனும் சீலும் உண்டு வாழும் இனூயிட் மக்களின் உடலில் அது சேர்கிறது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளையையும் அது பாதிக்க வல்லது.

அந்தப் பாதரசத்தின் பெரும்பகுதி அவர்கள் உண்டாக்கியது அன்று. நிலக்கரி எரியும் இடங்களிலிருந்தும் தங்கம் பிரிக்கும் இடங்களிலிருந்தும் கிளம்பி, மாதக்கணக்கில் காற்றில் அலைந்து அங்கே சேர்ந்தது. ஒருவர் செய்ய, மற்றொருவர் அனுபவிப்பது நீதியாகுமா?

“எங்கோ துருவம், நமக்கென்ன?” என்று கேட்பீர்கள். நம் கொடைக்கானலில் வெப்பமானி செய்த தொழிற்சாலை ஒன்று, அதன் பாதரசக் கழிவு பழைய பொருள் கடையில் கண்டுபிடிக்கப்பட்டபின், 2001-ல் மூடப்பட்டதே! அதுவும் போகட்டும். எங்கள் கரையில் எரிந்துபோன டியூப்லைட்டைச் சிறுவர்கள் கல்லால் அடித்து உடைப்பார்கள். நானும் உடைத்துக் கைகொட்டிச் சிரித்திருக்கிறேன். ஒவ்வொரு குழலிலும் சிறிது பாதரசம் உண்டு என்று அறிந்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குழலால் துருவம் கெட்டுவிடாது, உண்மைதான். ஆனால் “ஒன்றுதானே” என்று ஊரெல்லாம் சொன்னால்?

மீனை விலக்குவது தீர்வாகாது. மீன்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. இனூயிட் மக்களுக்கும் அப்படியே. மீனில் நஞ்சு சேராமல் காப்பதே வழி. ஜப்பானில் மீனவர் வாழ்ந்த மினமாட்டாவில் 1956-ல் வெளிப்பட்ட பாதரச நோயின் பெயரால், 2013-ல் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றது. அரசுகள் தம் கடமையைச் செய்யட்டும். நம் கடமை என்ன? பழுதான குழல்களை உடைக்காமல் தனியே வைப்போம். பள்ளியில் அவற்றுக்கென ஒரு பெட்டி வைக்கலாம். நகராட்சியும் தனியே பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஆயா போடும் ஐஸ் மீனை மாலைவரை காக்கும். நாம் வீசும் நஞ்சை எந்தப் பனியும் நமக்காகப் பூட்டி வைக்காது. இதை எண்ணிப் பார்ப்போமா, தோழியரே?