கூண்டுக்குள் ஓர் அமானிதம்



ஆளுக்கு ஒரு முகமும் நேரத்திற்கு ஒரு பேச்சுமாக வாழ்பவனைப் 'பச்சோந்தி' என்று ஏசுவது நம் தமிழ் வழக்கு. அரபு மக்களோ அதே பிராணியை வேறு கண்கொண்டு பார்த்தார்கள். 'ஹிர்பா' என்பது அவர்கள் அதற்கு வைத்த பெயர். ஒரு கிளையை நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகே அது முந்திய கிளையை விடும். ஆகவே, எண்ணித் துணிபவனை 'ஹிர்பாவைவிட முன்யோசனை உள்ளவன்' என்று அவர்கள் பழமொழியாகவே கூறினர்.

அந்த முன்யோசனை இப்போது நமக்குத் தேவைப்படுகிறது. பூனை, கிளி, மீன் என்றிருந்த வீட்டுப் பிராணிகளின் வரிசையில் பச்சோந்தியும் இடம்பிடித்துவிட்டது. கைப்பேசியில் அதன் வண்ணப் படங்களைக் காணும் பிள்ளைகள், "வாப்பா, நமக்கும் ஒன்று வாங்கித் தாருங்கள்" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

யமன் நாட்டுப் பிராணி

உலகெங்கும் வீடுகளில் பெரிதும் வளர்க்கப்படும் பச்சோந்தி இனங்களுள் ஒன்று, யமன் நாட்டையும் சஊதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்டது. தலையில் கிரீடம் சூட்டியது போன்று உயர்ந்த கொண்டை. ஆண், வால் உட்பட 45 முதல் 60 செ.மீ. வரை வளரும். பெண் சற்றுச் சிறியது. இரு கண்களும் தனித்தனியே சுழன்று இரு திசைகளைப் பார்க்கும். உடலைவிட நீளமான நாக்கு, கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்து பூச்சியைக் கவ்வும்.

அமர்ந்திருக்கும் இடத்திற்கு ஏற்பவே அது நிறம் மாறுகிறது என்பது பலரின் எண்ணம். உண்மையில் அச்சம், கோபம், இணை தேடும் வேட்கை, வெயிலின் தேவை ஆகியவற்றையே அது பெரும்பாலும் நிறத்தால் வெளிப்படுத்துகிறது. அதன் தோலினுள் அடுக்கப்பட்டுள்ள மிக நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறும்போது நிறமும் மாறுகிறது என்பதை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் விளக்கினர். சுப்ஹானல்லாஹ்! நாம் நயவஞ்சகம் என்று ஏசியது, வாயில்லா ஜீவனுக்கு வல்ல இறைவன் வழங்கிய மொழியன்றோ!

நீர் இருந்தும் தாகம்

இந்த ஜீவனைக் கூண்டில் வைப்பவர் அதன் இயல்பை அறிந்திருக்க வேண்டும். கிண்ணத்தில் தேங்கி நிற்கும் நீரை அது பெரும்பாலும் நாடுவதில்லை. இலைகளில் உருளும் துளிகளையே பருகும். ஆகவே நாள்தோறும் சில முறை செடிகளின்மீது நீர் தெளிக்க வேண்டும். கிண்ணம் நிறைய நீர் வைத்துவிட்டுத் திருமண வீட்டிற்குச் சென்று நான்கு நாள் கழித்துத் திரும்பினால், நிறைந்த கிண்ணத்தின் அருகிலேயே அது தாகத்தால் வாடிக் கிடக்கக் கூடும்.

காற்றோட்டமில்லாத கண்ணாடிப் பெட்டி அதற்கு ஆகாது. ஏறி இறங்கக் கிளைகளும் செடிகளும் உள்ள, ஏறத்தாழ 4 அடி உயரமான வலைக்கூண்டு வேண்டும். ஒரு கூண்டில் ஒன்றுதான் இருக்கலாம். மற்றொன்றைக் கண்டாலே, ஏன், கண்ணாடியில் தன் நிழலைக் கண்டாலே அது கலங்கும். கையில் எடுத்துக் கொஞ்சுவதும் அதற்குப் பிடிக்காது. பிள்ளைகள் தூக்கி வைத்துச் சிரிக்கும்போது அதன் உடல் கறுத்தால், அது அச்சத்தின் நிறம்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் கிடைக்காவிட்டால் அதன் உடலில் சுண்ணாம்புச் சத்து சேராது. எலும்புகள் வளைந்து, கிளையைப் பற்றவும் வலுவிழந்து போகும். அதனால் வீட்டிற்குள் வளர்ப்போர் அக்கதிரைத் தரும் விளக்கைப் பொருத்துவர். உணவாகும் பூச்சிகளின்மீது சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவுவர். அந்தப் பூச்சிகளுக்கும் நல்ல தீனியிட்டு வளர்க்க வேண்டும்.

குஞ்சுகள் வேண்டுமென்றால்...

கோழியைப் போலவே, ஆண் துணையின்றியும் பெண் பச்சோந்தி முட்டையிடும். அதற்கு ஓர் அடி ஆழமேனும் ஈர மணல் வேண்டும். தோண்டிப் புதைக்க இடமில்லையெனில் முட்டைகளை உள்ளேயே அடக்கிக்கொண்டு மடிந்துவிடவும் கூடும். 'ஒரே ஒரு பெண்தானே, கவலையில்லை' என்று இருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இனப்பெருக்கம் செய்விப்போர் பெண்ணுக்கு ஏறத்தாழ ஒரு வயது நிறையும்வரை பொறுத்திருப்பர். இணைந்த மூன்று, நான்கு வாரங்களில் அது முட்டையிடும். ஒரே முறையில் 30, 40, சில வேளைகளில் அதற்கும் மேல். அவற்றை ஈரமும் மிதமான வெப்பமும் குன்றாமல் ஆறு முதல் ஒன்பது மாதங்கள்வரை காக்க வேண்டும். பின்னர்ச் சில நாட்களுக்குள் விரல் நீளக் குஞ்சுகள் டஜன் கணக்கில் வெளிவரும். ஒவ்வொன்றுக்கும் மிகச் சிறிய உயிருள்ள பூச்சிகள் நாள்தோறும் வேண்டும். வளர வளரத் தனித்தனிக் கூண்டும் வேண்டும். நாற்பது குஞ்சுகள் என்றால் நாற்பது வயிறுகள்! அவற்றை ஏற்கத் தகுதியான நாற்பது வீடுகளை நீங்கள் அறிவீர்களா?

'எங்காவது மரத்தில் விட்டுவிடலாம்' என்பது இரக்கமாகத் தோன்றலாம். அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஹவாயின் மாவி தீவிலும் இந்த யமன் பச்சோந்திகள் இவ்வாறே காட்டில் பரவி, அம்மண்ணின் சிற்றுயிர்களுக்கு அச்சுறுத்தலாயின. மாவியில் அவை காட்டில் இருப்பது 2002இல் தெரியவந்தது. விட்ட பிராணி மடிந்தாலும் பாவம், பெருகினாலும் தீங்கு.

சட்டமும் மார்க்கமும்

நம் நாட்டுப் பச்சோந்தி, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். யமன் இனத்தின் சர்வதேச வணிகமும் உடன்படிக்கைக்கு உட்பட்டது. இத்தகைய வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் மத்திய அரசு விதி வகுத்துள்ளது. குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். ஊர்வனவற்றை வாங்கி விற்பது குறித்து மத்ஹபுகளில் நுணுக்கமான விளக்கங்கள் உள்ளன. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறிந்த பின்னரே பணத்தை எடுங்கள்.

பிராணிகளை வளர்ப்பதையே மார்க்கம் தடுக்கவில்லை. சிறுவர் அபூ உமைர் வைத்திருந்த சின்னஞ்சிறு பறவையைப் பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அன்புடன் விசாரித்தது நாமறிந்ததே. அதே அண்ணலார், ஒரு பூனையைக் கட்டி வைத்து நரகத்திற்குரியவளான பெண்ணைப் பற்றியும் எச்சரித்தார்கள். அவள் அதற்கு உணவளிக்கவுமில்லை, பூமியிலுள்ள பூச்சிகளைத் தானே உண்ணுமாறு அவிழ்த்துவிடவுமில்லை என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ள செய்தி.

பூமியின் பூச்சிகள்! பச்சோந்தியின் ரிஸ்க்கும் அதுதானே? மரக்கிளையில் இருந்தவரை அதை இறைவன் நேரடியாக ஊட்டினான். கூண்டின் கதவைச் சாத்திய கணத்திலிருந்து அந்த ரிஸ்க் உங்கள் கைவழியாகச் சென்றாக வேண்டும். சில ஆண்டுகள், ஒரு நாளும் தவறாமல் அதைக் கொண்டுசேர்க்க முடியுமென்றால் அது நன்மைக்குரிய செயல். முடியாதென்றால், வாங்காமல் இருப்பதே அதற்கு நீங்கள் செய்யும் பேருபகாரம்.

பிள்ளைகளின் ஆசைக்கு என்ன செய்வது? ஊர்ப்புறம் செல்லும்போது முள்வேலியிலோ புதரிலோ பச்சோந்தி தென்பட்டால், அவர்களை அருகில் அழையுங்கள். கல்லைத் தேடும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அதற்கு விஷம் இல்லை என்று சொல்லுங்கள். அடுத்த கிளையைப் பற்றாமல் இந்தக் கிளையை அது விடுவதில்லை என்பதை அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நம் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிரின் உரிமையையும் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.