யாருக்கு மீட்பு?

சிந்தியா ஆன் பார்க்கரின் கதையை எழுதும் பலரும் 1836இல் நடந்ததைக் 'கடத்தல்' என்றும், 1860இல் நடந்ததை 'மீட்பு' என்றும் சொல்கிறார்கள். இரண்டாவது சொல்லை நான் ஏற்க மறுக்கிறேன்.

1836 மே மாதம் டெக்சாஸில் குடியேறிகளின் பார்க்கர் கோட்டையைக் கமான்சிகளும் கூட்டாளிகளும் தாக்கினார்கள். சிந்தியாவின் தந்தையைக் கொன்று, சுமார் ஒன்பது வயதான அவளையும் வேறு நால்வரையும் கொண்டுபோனார்கள். அந்த வன்முறைக்கு நான் பூச்சூட்ட மாட்டேன். அன்று பிடிபட்ட ரேச்சல் பிளம்மர், சிறையிருப்பில் தான் பெற்ற குழந்தை கொல்லப்பட்டதை 1838இல் எழுதி வெளியிட்டாள். கமான்சிகளின் நிலம் பறிபோனது உண்மை. அது அந்தக் குழந்தையின் சாவுக்கு நியாயம் ஆகாது.

ஆனால் சிந்தியா அங்கேயே வளர்ந்து நாதுவா ஆனாள். பேட்டா நகோனாவோடு வாழ்ந்து மூன்று பிள்ளைகள் பெற்றாள். 24 ஆண்டுகள் கழித்து, 1860 டிசம்பரில், பீஸ் ஆற்றங்கரை முகாமை டெக்சாஸ் ரேஞ்சர்கள் தாக்கினார்கள். கொல்லப்பட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். கைக்குழந்தையோடு பிடிபட்ட இவளுடைய நீலக் கண்களைப் பார்த்ததும் கைதி 'மீட்கப்பட்டவள்' ஆகிவிட்டாள். கண்கள் கருப்பாக இருந்திருந்தால்?

1861இல் டெக்சாஸ் சட்டமன்றம் அவளுக்கு நிலமும், ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 100 டாலரும் வழங்கியது. கூடவே ஆண் உறவினர் இருவரைக் காப்பாளர்களாக நியமித்தது. முப்பது வயது தாண்டிய தாய்க்குக் காப்பாளர்கள்! அவள் போக விரும்பியது தன் மகன்களிடம். பலமுறை தப்பிக்கப் பார்த்தாள்; ஒவ்வொரு முறையும் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மீட்கப்பட்டவளுக்கு எதற்குக் காவல்?

அந்த ஆண்டு எடுத்த புகைப்படத்தில் அவள் மகளுக்குப் பால் கொடுக்கிறாள். முடி ஒட்ட வெட்டப்பட்டிருக்கிறது. கமான்சிப் பெண்கள் துக்கத்தில் முடியை வெட்டிக்கொள்வார்கள். அவள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. இந்தத் தலையே அவள் வாக்குமூலம்.

இக்கதையின் சாயல்கொண்ட 'தி சர்ச்சர்ஸ்' 1956இல் வந்தது. அதில் நாயகன் தேடிப்போகும் ஆண். பெண்ணை வீட்டு வாசலில் சேர்த்ததும் படம் முடிகிறது. சிந்தியாவின் துயரம் அந்த வாசலுக்குள்தான் தொடங்கியது. மகள் நோயில் இறந்தாள். மகன்களை மறுபடி பார்க்காமலே அவளும் போய்விட்டாள். 1910இல் மகன் குவானா தாயின் எலும்புகளை ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தான்.

1836இல் சிறுமியை யாரும் கேட்கவில்லை. 1860இல் பெண்ணையும் கேட்கவில்லை. கேட்காமல் தூக்கிக்கொண்டு போவதற்குப் பெயர் கடத்தல்தான். தூக்கியவர்கள் சொந்தக்காரர்கள் என்பதால் அது மாறிவிடாது.