வாங்கியது நாலு லட்சம்... கட்ட வேண்டியது எவ்வளவு?

பட்டமளிப்பு விழா போட்டோ ஹாலில் மாட்டி ஒரு வருடம் ஆகியிருக்கும். அப்போதுதான் வங்கியிலிருந்து அந்தக் கடிதம் வரும். ‘நாலு லட்சம்தானே வாங்கினோம்... ஐந்து லட்சத்து நாற்பதாயிரம்னு போட்டிருக்கே!’ என்று அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படிப்பார். ‘பேங்க்ல ஏதோ தப்பு பண்ணிட்டாங்க’ என்பார் அம்மா. வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை எதுவும் பேசாமல் உள்ளே போய்விடும்.

கல்விக்கடன் வாங்கிய பல வீடுகளில் நடப்பது இதுதான். பெரும்பாலும் வங்கி தப்பு செய்திருப்பதில்லை. கடன் வாங்கிய நாளில் யாரும் உட்காரவைத்துச் சொல்லாத ஒரு கணக்கு அது.

கல்விக்கடனில் படிக்கும் காலமும், படிப்பு முடிந்த பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதை ‘மாரட்டோரியம்’ என்கிறார்கள். ‘தவணை இல்லை’ என்பதை ‘வட்டி இல்லை’ என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தவணைதான் கிடையாது. வட்டி, முதல் செமஸ்டர் ஃபீஸ் போன நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு உதாரணம். நான்கு வருட இன்ஜினீயரிங் படிப்பு. வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம் கடன். வட்டி 10 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்குவதற்குள் முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி சேர்ந்துவிடும்: 50,000 ரூபாய். இரண்டாவது லட்சத்துக்கு 40,000, மூன்றாவதுக்கு 30,000, நான்காவதுக்கு 20,000. மொத்தம் 1,40,000 ரூபாய். இந்தக் காலத்தில் தனிவட்டிதான். ஆனால், தவணை தொடங்கும் நாளில் சேர்ந்த வட்டி முழுவதும் அசலோடு சேர்ந்துவிடும். அதன்பின் 5,40,000 ரூபாய்க்கு வட்டி போடப்படும்.

பத்து வருடத்தில் அடைப்பதென்றால் இதற்கு மாதத் தவணை சுமார் 7,140 ரூபாய். கையில் 20,000 ரூபாய் சம்பளம் வாங்கி, சென்னையில் ஹாஸ்டல் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு, இது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

‘15 வருடமாக நீட்டிக்கொண்டால்?’ மாதத் தவணை சுமார் 5,800 ரூபாயாகக் குறையும். ஆனால், மொத்தமாகக் கட்டும் பணம் ஏறத்தாழ எட்டரை லட்சத்திலிருந்து பத்தே கால் லட்சத்தைத் தாண்டிவிடும். முதல் சில வருடம் மூச்சுவிட இடம் வேண்டுமென்றால் நீண்ட தவணையை எடுப்பதில் தவறில்லை. சம்பளம் உயர உயரக் கூடுதலாகக் கட்டி சீக்கிரம் முடித்துவிட வேண்டும். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் கடனை முன்கூட்டியே அடைக்க வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

கடிதம் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, வங்கிக்குப் போய் கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட்டை வாங்குவது. எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார்கள், வட்டி விகிதம் எப்போது மாறியது என்பது அதில் இருக்கும். சில வங்கிகளில் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்தையும் கடனோடு சேர்த்திருப்பார்கள். அதையும் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, வட்டி மானியம். ஆண்டு வருமானம் நாலரை லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு, மாரட்டோரியம் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-ம் ஆண்டிலிருந்து இருக்கிறது. தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கானது இது. கல்லூரிக்கோ, படிப்புக்கோ உரிய தர அங்கீகாரம் இருக்க வேண்டும் போன்ற நிபந்தனைகளும் உண்டு. தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்தோமா, மானியம் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று ஸ்டேட்மென்ட்டில் தேட வேண்டும். வரவில்லையென்றால் ஏன் என்று எழுத்தில் கேட்க வேண்டும். தகுதியுள்ள குடும்பத்துக்கு, மேலே சொன்ன கணக்கில் இது 1,40,000 ரூபாய் விஷயம்.

மூன்றாவதுதான் பலரும் செய்யத் தயங்குவது. வேலை கிடைக்கவில்லையென்றால், முதல் தவணை தவறுவதற்கு முன்பே மேனேஜரைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். வேலையில்லாத காலத்துக்கு அவகாசம் தருவதற்கும், ஆரம்பத்தில் குறைவாகவும் போகப் போக அதிகமாகவும் கட்டும் தவணை முறைக்கும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் இடமிருக்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. ஆனால், கேட்காதவருக்கு அது தானாக வராது. மேற்படிப்பில் சேர்ந்திருந்தால் அதற்கான சான்றையும் கொடுத்து, தவணையைத் தள்ளிவைக்கக் கோரலாம். எதையும் வாய்மொழியாக மட்டும் சொல்லாமல் கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வெட்கத்தாலோ பயத்தாலோ வங்கிப் பக்கமே போகாமல் இருந்தால் என்ன ஆகும்? தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன். பிள்ளையின் கிரெடிட் ஸ்கோர் விழும். கல்விக்கடனில் அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பதால் அவர்கள் ஸ்கோரும் சேர்ந்து விழும். பிறகு தம்பியின் படிப்புக்குக் கடன் கேட்கப் போனாலும், வீட்டுக்கடன் கேட்டாலும் இது குறுக்கே நிற்கும். ஒவ்வொரு கிரெடிட் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக முழு அறிக்கை தர வேண்டும். பெற்றோரும் பிள்ளையும் அதை வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

தேர்தல் வந்தால் ‘கல்விக்கடன் தள்ளுபடி’ என்ற பேச்சும் வரும். அதை நம்பித் தவணையை நிறுத்தினால், அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறும். வங்கி ‘ரைட் ஆஃப்’ செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டாலும் கடன் தீர்ந்துவிட்டதென்று அர்த்தமில்லை. அது வங்கியின் கணக்குப் புத்தகத்தில் செய்யும் மாற்றம்தான். வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கும்.

வசூல் ஏஜென்ட்டுகள் போன் செய்தால் நடுங்க வேண்டியதில்லை. கடன் வாங்கியவரைக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மீறினால் முதலில் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். 30 நாள்களில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்து வருமான வரி கட்டும் நிலை வந்தால் கல்விக்கடன் வட்டிக்கான வரிச் சலுகை உதவும். கட்டிய வட்டி முழுவதற்கும் எட்டு வருடம் வரை வரி விலக்கு உண்டு, உச்ச வரம்பு இல்லை. பழைய வரி முறையைத் தேர்வு செய்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த அதிர்ச்சியைத் தவிர்க்கலாம். மேலே சொன்ன கணக்கில், முதல் வருடம் மாத வட்டி சுமார் 835 ரூபாய்தான். இரண்டாம் வருடம் 1,670 ரூபாய் ஆகும். முடிந்தவரை மாதாமாதம் அதைக் கட்டிவந்தால் வட்டி அசலில் ஏறாது. படிக்கும்போதே வட்டி கட்டுபவர்களுக்கு ஒரு சதவிகிதம் வரை வட்டிச் சலுகை தரும் வங்கிகளும் உண்டு.

அந்தக் கணக்கைப் பிள்ளைக்கும் காட்ட வேண்டும். ‘நீ படி, கடனை நாங்க பார்த்துக்குறோம்’ என்று சொல்வது பாசம்தான். ஆனால் கடன் பத்திரத்தில் முதல் பெயர் பிள்ளையுடையது. எவ்வளவு கடன் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, முதல் வேலையின் சம்பளத்தைப் பேசும்போதும், முதல் பைக்கைத் தவணையில் எடுக்கலாமா என்று யோசிக்கும்போதும் அதை மனதில் வைத்தே முடிவெடுக்கும். கடைசி செமஸ்டர் முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டேட்மென்ட்டை நடுவில் வைத்து அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும்.