சிஸ்டர் நிலைத்தால் நோயாளி வருவார்

தமிழகத்தின் எந்த மாவட்டத் தலைநகருக்குள் பேருந்தில் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுபவை மருத்துவமனை விளம்பரப் பலகைகள்தான். வெள்ளைக் கோட்டில் டாக்டர்கள், புதிதாக வந்திறங்கிய ஸ்கேன் கருவி, இலவச முகாம் நடக்கும் தேதி. நோயாளியை வரவழைக்க இவ்வளவு செலவிடும் தனியார் மருத்துவமனைகள் பலவும், வந்தவருக்கு அருகில் இரவெல்லாம் நிற்கப்போகும் செவிலியரை ஓராண்டு தக்கவைக்கத் திணறுகின்றன. முதல் கவலையை விளம்பரப் பிரிவிடமும் இரண்டாவதை மனிதவளப் பிரிவிடமும் நிர்வாகங்கள் பிரித்துக் கொடுத்துவிட்டன. இரண்டும் ஒரே கவலை என்பதே நம் வாதம்.

ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கட்டிலருகே நிற்பது சில நிமிடங்கள். டிரிப்ஸ் தீர்வதைக் கவனிப்பதும், நள்ளிரவில் மூச்சின் போக்கு மாறியதை உணர்ந்து டியூட்டி டாக்டரை எழுப்புவதும், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று டிஸ்சார்ஜ் அன்று மூன்றாவது முறையாகச் சொல்வதும் சிஸ்டர்தான். வீடு திரும்பிய பாட்டி தெருவில் பேசுவதும் அந்தச் சிஸ்டரைப் பற்றித்தான். “அங்க நல்லாப் பாத்துக்கிறாங்க” என்று அவர் சொல்லும் ஒரு சொல்லை நம்பி அடுத்த குடும்பம் அதே வாசலுக்கு வருகிறது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு உலகறிந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அதே ஒரு நோயாளி கூடியபோது செவிலியர் சோர்ந்து சலித்துப்போகும் வாய்ப்பு 23 சதவீதம் உயர்ந்தது. நோயாளியின் உயிரும் ஊழியரின் மனமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். நம் ஊர் நைட் டியூட்டியில் அந்தக் கணக்கு எந்த வார்டில் நிற்கிறது?

சம்பளத்துக்கு வருவோம். செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் தீர்ப்பளித்து, நிபுணர் குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு தெளிவாகவே எழுதியது: 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு செவிலியருக்கு இணையான ஊதியம், 100-க்கு மேல் இருந்தால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதம், 50-க்கும் குறைவான சிறு மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. கேரளச் செவிலியர்கள் தெருவில் இறங்கிப் போராடி, 20,000 ரூபாய் அடிப்படை ஊதியத்துக்கான அரசாணையை 2018-இல் பெற்றார்கள். தமிழகத்தில் பல தனியார் மருத்துவமனைகளின் சம்பளப் பட்டியலை அந்தப் பரிந்துரை இன்னும் எட்டவில்லை. அரசும் நல்ல முன்மாதிரியாக இல்லை. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுத்த செவிலியர்களுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம் தந்து, பணி நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராட வைத்தது அரசுதான்.

உரிய ஊதியம் தராதவர்கள் ஊழியரைப் பிடித்துவைக்கக் கண்ட வழி, பாண்டு எழுதி வாங்கி அசல் சான்றிதழ்களைப் பீரோவில் பூட்டுவது. இது கொத்தடிமை முறையின் சாயல். மேல்நிலைப் பள்ளி மதிப்பெண் பட்டியலைக்கூடத் திரும்பப் பெற முடியாமல் அழும் இருபத்திரண்டு வயதுப் பெண், அன்று இரவு எந்த மனத்தோடு ஐசியூவில் நிற்பாள்? சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே அவள் ஜெர்மன் வகுப்பில் சேர்வாள், அல்லது வளைகுடாவுக்கு விண்ணப்பிப்பாள். அவளைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. வார்டின் நெளிவுசுளிவு தெரிந்தவர் போன இடத்தில் நேற்று படிப்பு முடித்தவர் நிற்பார். மூத்தவர் யாரும் இல்லாததால் சொல்லித்தரவும் ஆளிருக்காது.

வேறு வழி உண்டு என்பதை நம் மண்ணிலேயே பார்க்கிறோம். பணி ஓய்வுக்குப் பின் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேர்த்து, இரண்டாண்டு பயிற்சி தந்து, கண் மருத்துவத்தின் முதுகெலும்பாக்கியது அது. முகாமுக்கு வரும் கிராமத்தாரோடு அவர்கள் மொழியிலேயே பேச அந்தப் பெண்களால் முடிகிறது. வேலூர் சிஎம்சி 1909-லேயே செவிலியர் பயிற்சியைத் தொடங்கியது. மருத்துவக் கல்விக்கு முன்னால் அது வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே சிகிச்சை பெற மேற்கு வங்கத்திலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்கும் குடும்பங்கள், முன்பு வந்துபோனவர் சொல்லை நம்பி வருபவர்கள்.

சிறு மருத்துவமனைகளின் சங்கடத்தை நாம் அறியாமல் இல்லை. முப்பது படுக்கையும் ஒரே டாக்டர் தம்பதியுமாக நடக்கும் இடத்தில், காப்பீட்டுத் தொகை தாமதமானால் மாதச் சம்பளமே ஆடிப்போகும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் பாக்கியைக் காலத்தில் தர வேண்டியது அரசின் கடமை. ஆனால் நோயாளியை அனுப்பியவருக்குக் கமிஷன் தர மட்டும் எப்படிப் பணம் கிடைக்கிறது? அதைப் பெறுவதும் தருவதும் நெறிமீறல் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அந்தக் காசு சிஸ்டரின் சம்பளத்தில் சேர வேண்டியது.

படுக்கை எண்ணிக்கைப்படி ஊதியத்தை நிர்ணயித்து அரசாணை வெளியிட வேண்டும். அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கும் மருத்துவமனையின் பதிவு புதுப்பிக்கப்படக் கூடாது. ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்பதை, டாக்டர்களின் பட்டங்கள் தொங்கும் அதே வரவேற்பறையில் எழுதி வைக்கட்டும். அம்மாவை அட்மிட் செய்ய வருபவர் அதைப் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.